கணிதம் கற்கவும் பயிற்சி செய்யவும் இலவச இணையக் கருவிகள்: எதை, எந்த நேரத்தில் திறப்பது?

கணிதத்துக்கான இலவச இணையக் கருவிகளைப் பட்டியல் போடுவது எளிது. தேடுபொறியில் ஒருமுறை தட்டினாலே பெயர்கள் வந்து குவிந்துவிடும். மாணவரின் திண்டாட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நான்கைந்து தளங்களில் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு காணொளிகளைப் பார்த்துவிட்டு, எதிலும் நிலைக்காமல் விட்டுவிடுபவர்களே அதிகம். கருவி நல்லதா கெட்டதா என்பதைவிட, அது எந்த நேரத்தில் கைக்கு வருகிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. விடையைச் சொல்லும் கருவி, கணக்கைத் தாளில் போட்டு முடித்த பிறகு திறக்கப்பட்டால் தவறைச் சுட்டிக்காட்டும்; பேனாவை எடுப்பதற்கு முன்பே திறக்கப்பட்டால் சிந்திக்கும் வேலையையே பறித்துக்கொள்ளும்.

இதற்குச் சான்றும் இருக்கிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2025ஆம் ஆண்டில் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில், கணிதப் பயிற்சியின்போது செயற்கை நுண்ணறிவு உரையாடியைத் தடையின்றிப் பயன்படுத்திய மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காத மாணவர்களைவிட அவர்கள் 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைக்கப்பட்ட உரையாடியைப் பயன்படுத்திய குழுவில் இந்தப் பாதிப்பு பெருமளவு காணப்படவில்லை. ஆகவே இந்த வழிகாட்டி பெயர்களைவிட வரிசைக்கே முதன்மை தருகிறது: இடைவெளியைக் கண்டுபிடித்தல், கருத்தைக் கண்ணால் பார்த்தல், பாடத்தைப் படித்தல், கலந்து பயிற்சி செய்தல், சரிபார்த்தல், தவறுகளுக்குத் திரும்பி வருதல்.

படி 1: எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்டறியுங்கள்

கணிதத்தில் இன்று புரியாத பாடத்துக்குக் காரணம் பெரும்பாலும் இன்றைய பாடத்தில் இருப்பதில்லை. இருபடிச் சமன்பாட்டில் தடுமாறும் மாணவருக்குக் காரணிப்படுத்தல் வராமல் இருக்கலாம். காரணிப்படுத்தல் வராததற்குப் பெருக்கல் வாய்பாடு தடுமாறுவதோ, குறை எண்களைக் கூட்டத் தெரியாததோ காரணமாக இருக்கலாம். இதைக் கண்டறியக் கான் அகாடமி பொருத்தமான இடம். 2004ஆம் ஆண்டில் சல்மான் கான் தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதில் முளைத்து, 2008ஆம் ஆண்டில் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவான தளம் இது. தொடக்கப்பள்ளி எண்கணிதத்திலிருந்து நுண்கணிதம் வரை இதில் உண்டு. பாடங்களுக்கும் பயிற்சிகளுக்கும் கட்டணம் இல்லை.

உங்கள் வகுப்புக்கு ஒரு நிலை கீழே உள்ள பாடத்தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். காணொளி எதையும் பார்க்காமல், பக்கத்தின் இறுதியில் இருக்கும் தொகுதி முழுமைக்குமான தேர்வை முதலில் எழுதுங்கள். சுமார் 30 கேள்விகள் வரும். தெரியாத கேள்விக்கு ஊகித்து விடை தர வேண்டாம். தவறாகவே விட்டுவிடுங்கள், ஏனெனில் ஊகம் சரியாக அமைந்துவிட்டால் இடைவெளி மறைந்துவிடும். தேர்வு முடிந்ததும் எந்தெந்தத் திறன்கள் விடுபட்டிருக்கின்றன என்பது பாடத்தலைப்பு வாரியாகத் தெரியும். அவற்றில் மிகவும் கீழே, அதாவது அடிப்படைக்கு மிக அருகில் இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பெருமைக்காக மேலிருந்து தொடங்குபவர்கள் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுவதைப் பார்க்கலாம்.

இந்தத் தளத்தில் பயிற்சியின்போது குறிப்பைத் திறந்தால் அந்தக் கேள்வி சரியான விடையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. மாணவர்கள் பலருக்கு இது எரிச்சலூட்டும். ஆயினும் அந்த விதி உங்களுக்கு நன்மையே செய்கிறது. குறிப்பின் துணையோடு வந்த விடையை உங்கள் விடை என்று தளம் நம்ப மறுக்கிறது, அவ்வளவுதான்.

படி 2: கருத்தைக் கண்ணால் பாருங்கள்

பார்ப்பதற்கான கருவிகளை மட்டும் பாடத்துக்கு முன்பே திறக்கலாம். அவை விடையைத் தருவதில்லை, கேள்வியைத் தெளிவாக்குகின்றன. இந்த வகையில் இரண்டு கருவிகளை நன்றாகப் பழகிக்கொண்டால் பள்ளிக் கணிதத்தின் பெரும்பகுதிக்குப் போதும்.

முதலாவது, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த டெஸ்மாஸ் வரைபடக் கணிப்பான். பயனர் கணக்கு எதுவும் தொடங்காமலே உலாவியில் திறந்து பயன்படுத்தலாம். இடப்பக்கம் சமன்பாடு எழுதும் பட்டியும், அதையொட்டி வரைதளமும் தெரியும். ஏ, பி, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைக் கெழுக்களாக வைத்து, ஓர் இருபடிச் சார்பை அப்படியே உள்ளிடுங்கள்; அதாவது, ஒய் = ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி. அந்த மூன்று எழுத்துகளுக்கும் நகர்த்திகள் வேண்டுமா என்று கருவியே கேட்கும். ஒப்புக்கொண்டால் ஒவ்வோர் எழுத்துக்கும் இடவலமாக இழுக்கக்கூடிய ஒரு நகர்த்தி கிடைக்கும்.

ஏ என்பதை நகர்த்தினால் பரவளையம் ஒடுங்கும், விரியும், சுழியத்தைத் தாண்டினால் தலைகீழாகும். சி என்பதை நகர்த்தினால் வளைகோடு முழுவதும் மேலும் கீழும் போகும். இவ்விரண்டும் எதிர்பார்த்தவையே. இனி பி என்பதைத் தொடுவதற்கு முன், என்ன நடக்கும் என்று தாளில் ஒரு வரி எழுதுங்கள். வளைகோடு இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரும் என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். ஏ = 1, சி = 0 என்று வைத்து, பி என்பதை மட்டும் இழுத்துப் பாருங்கள். பி = 2 ஆகும்போது பரவளையத்தின் முனை (−1, −1) என்ற புள்ளியில் இருக்கும்; பி = 4 ஆகும்போது (−2, −4); பி = −2 ஆகும்போது (1, −1). முனை பக்கவாட்டில் மட்டும் நகரவில்லை, கீழேயும் இறங்குகிறது. இரண்டாவது வரியில் ஒய் = சி − ஏ எக்ஸ்² என்று எழுதினால், தலைகீழான இன்னொரு பரவளையம் தோன்றும்; பி என்பதை எவ்வளவு இழுத்தாலும் முனை அந்த வளைகோட்டை விட்டு விலகாது. ஏன் விலகவில்லை என்பதற்கான விடை கருவியில் கிடைக்காது. முனையின் எக்ஸ் ஆயத்தொலைவு −பி/(2ஏ) என்பதைச் சார்பில் பிரதியிட்டால் இரண்டு மூன்று வரிகளில் அது தாளில் வந்து நிற்கும். இப்படிக் கருவி கேள்வி எழுப்ப, தாள் விடை தருவதுதான் இந்தப் படியின் சரியான பயன்பாடு.

இரண்டாவது, ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001ஆம் ஆண்டில் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் இது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம். வரைபடம், இயற்கணிதம், முப்பரிமாணம் எல்லாம் இதில் இருந்தாலும், வடிவியலில்தான் இதன் முழு வலிமை தெரியும். காரணம், இதில் வரைந்த உருவத்தை இழுத்துப் பார்க்க முடியும்.

ஒரு வட்டம் வரைந்து, பரிதியில் இரண்டு புள்ளிகளையும், அவற்றிலிருந்து தள்ளிப் பெரிய வில்லின்மேல் மூன்றாவது புள்ளியையும் வையுங்கள். முதல் இரண்டு புள்ளிகள் மையத்தில் தாங்கும் கோணத்தையும், மூன்றாவது புள்ளியில் தாங்கும் கோணத்தையும் கோணக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். மையக்கோணம் 80° என்றால் பரிதிக்கோணம் 40° என்று காட்டும். மூன்றாவது புள்ளியைப் பெரிய வில்லின்மீது எங்கு இழுத்தாலும் அந்த 40 அசையாது. இப்போது அதை இழுத்துக்கொண்டே சிறிய வில்லுக்குள் கொண்டுபோங்கள். எண் திடீரென்று 220° என்று தாவும். கருவி பழுதாகிவிட்டது என்று பலர் இங்கே மூடிவிடுவார்கள். ஜியோஜீப்ரா தொடக்க அமைப்பில் கோணத்தைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அளக்கிறது. புள்ளி மறுபக்கம் போனதும் அது வெளிப்பக்கக் கோணத்தைக் காட்டுகிறது. உட்பக்கக் கோணம் 360 − 220, அதாவது 140°. அந்த 140 என்பது மையத்தின் பின்வளை கோணமான 280இன் சரிபாதி; 40ஐயும் 140ஐயும் கூட்டினால் 180. வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் பற்றிய தேற்றம், தனிப் பாடமாக வராமல், முந்தைய தேற்றத்தின் மறுபக்கமாகவே இங்கு வெளிப்பட்டுவிடுகிறது. கோணங்களின் எண் அடிக்கடி இப்படித் தாவுவது தொந்தரவாக இருந்தால், புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் வரிசையை மாற்றலாம், அல்லது அந்தக் கோணத்தின் அமைப்புகளில் எல்லையை 0° முதல் 180° வரை என்று குறுக்கிக்கொள்ளலாம்.

இழுத்துப் பார்ப்பது ஒரு சோதனையும்கூட. முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்தை நீங்கள் கண்ணளவாகக் குறித்திருந்தால், ஒரு முனையை இழுத்த உடனே வட்டம் முனைகளை விட்டு விலகிவிடும். பக்கங்களின் மையக்குத்துக்கோடுகள் வெட்டும் புள்ளியாக அமைத்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வட்டம் மூன்று முனைகளின் வழியாகவே செல்லும். சரியாகத் தோன்றும் படத்துக்கும் சரியான அமைப்புக்கும் உள்ள வேறுபாடு இதில் பளிச்சென்று தெரியும்.

கீழ்வகுப்பு மாணவர்களுக்கு வேறு இரண்டு இடங்கள் உண்டு. இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002ஆம் ஆண்டில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் உருவகப்படுத்தல்களில் பின்னம், பரப்பளவு, நேர்கோட்டின் சாய்வு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் செயல்பாடுகள் இருக்கின்றன. பாலிபேட் என்ற தளத்தில் பின்னப் பட்டைகளும் இயற்கணித ஓடுகளும் கிடைக்கும். எக்ஸ்² + 6எக்ஸ் என்பதை வர்க்கமாக்க ஏன் 9ஐக் கூட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்யும் மாணவர், ஒரு சதுர ஓட்டையும் ஆறு நீள ஓடுகளையும் எடுத்து, நீள ஓடுகளை வலப்பக்கம் மூன்றும் கீழே மூன்றுமாக அடுக்கினால், மூலையில் மூன்றுக்கு மூன்று என்ற அளவில் ஒரு வெற்றிடம் மிஞ்சுவதைத் தானே காண்பார்.

படி 3: பாடத்தைப் படியுங்கள்

இதில் அதிகம் சொல்ல ஏதுமில்லை. நல்ல மூலங்கள் ஏராளமாக இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருப்பதுதான் கடினம். பள்ளி இறுதி நிலைக்கும் கல்லூரித் தொடக்கத்துக்கும், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் முழுப் பாடநூல்களைக் கட்டணமின்றித் தருகிறது. இயற்கணிதம், முக்கோணவியல், புள்ளியியல், மூன்று தொகுதிகளாக நுண்கணிதம் எல்லாம் உண்டு. லாமார் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் டாகின்ஸ் எழுதிய பால்ஸ் ஆன்லைன் நோட்ஸ், நுண்கணிதத்தில் மாணவர்கள் வழக்கமாக வழுக்கும் இடங்களை முன்கூட்டியே எச்சரிக்கும் வகையில் அமைந்தது. தோற்றம் எளிமையானது, உள்ளடக்கம் கனமானது.

காணொளியில், கிரான்ட் சாண்டர்சனின் திரீ ப்ளூ ஒன் பிரௌன் அலைவரிசையில் நேரியல் இயற்கணிதம் பற்றியும் நுண்கணிதம் பற்றியும் வந்த இரு தொடர்களும், அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடத்திட்டத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகளும் திரும்பத் திரும்பப் பார்க்கத் தகுந்தவை. ஆனால் அழகான காணொளி முடிந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது என்ற நிறைவு வரும். அதை நம்ப வேண்டாம். காணொளியை மூடிவிட்டு, அதில் வந்த ஓர் எடுத்துக்காட்டை எதையும் பார்க்காமல் தாளில் முதலிலிருந்து போட முடிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

படி 4: கலந்து பயிற்சி செய்யுங்கள்

ஒரே வகைக் கணக்கை வரிசையாக இருபது போடுவது பாடநூல் பழக்கம். முதல் இரண்டு கணக்குகளுக்குப் பிறகு எந்த முறையைப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே தேவையில்லை, கை தானாக ஓடும். தேர்விலோ கணக்கைப் பார்த்ததும் முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை ஒரு குழு வகைவகையாகவும் இன்னொரு குழு கலந்தும் பயின்றன. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 விழுக்காடும் கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலை தலைகீழானது: முதல் குழு 20 விழுக்காடு, இரண்டாம் குழு 63 விழுக்காடு. பயிற்சியில் தடுமாறுவது கற்காததன் அடையாளம் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

கான் அகாடமியில் இதற்கான ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. தனிப் பயிற்சிகளை மட்டும் செய்தால் ஒரு திறனில் உச்ச நிலையை எட்ட முடியாது; பல தலைப்புகள் கலந்து வரும் அலகுத் தேர்விலோ தொகுதித் தேர்விலோ சரியாகச் செய்தால்தான் அது கிடைக்கும். எனவே ஒரு திறனைப் பழகியதும் அந்தப் பயிற்சியையே மீண்டும் மீண்டும் செய்யாமல், இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அலகுத் தேர்வுக்குச் செல்லுங்கள்.

வகுப்புப் பாடம் எளிதாகிவிட்டவர்களுக்கு ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் தளத்தின் அல்குமஸ் என்ற இலவசப் பகுதி ஏற்றது. உங்கள் விடைகளைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். விடை தந்த பிறகு முழுத் தீர்வும் காட்டப்படும். சரியாகப் போட்ட கணக்கின் தீர்வையும் படியுங்கள், நீங்கள் பத்து வரிகளில் செய்ததை அவர்கள் மூன்று வரிகளில் முடித்திருப்பார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளம் 1996 முதல் இயங்குகிறது. அதில் ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் செலவழிப்பது இயல்பு. எண்ணிக்கைக்காகப் பயிற்சி செய்பவர்கள் அங்கே பொறுமை இழப்பார்கள்.

நிரலாக்கம் தெரிந்தவர்கள் ப்ராஜெக்ட் ஆய்லரையும் பார்க்கலாம். அதன் முதல் கேள்வி, 1000க்குக் குறைவான எண்களில் 3 அல்லது 5 இன் மடங்குகள் அனைத்தின் கூட்டுத்தொகை என்ன என்பது. நான்கு வரி நிரலில் முடிந்துவிடும். ஆனால் 3 இன் மடங்குகளையும் 5 இன் மடங்குகளையும் கூட்டுத்தொடர் சூத்திரத்தால் தனித்தனியே கூட்டி, இரண்டு முறை எண்ணப்பட்ட 15 இன் மடங்குகளைக் கழித்தால் கணினியே தேவையில்லை. இரண்டு வழிகளிலும் செய்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே அந்தக் கேள்வியின் சுவை.

படி 5: போட்டு முடித்த பிறகு சரிபாருங்கள்

விடை சொல்லும் கருவிகள் இப்போதுதான் மேசைக்கு வரலாம். 2009ஆம் ஆண்டில் வெளியான வுல்ஃப்ராம் ஆல்பா, சமன்பாடு, வகைக்கெழு, தொகையீடு, அணி என எதைக் கொடுத்தாலும் விடை தரும். படிப்படியான தீர்வை முழுமையாகக் காணக் கட்டணச் சந்தா வேண்டும். கூகுளிடம் உள்ள ஃபோட்டோமேத், கைப்பேசிக் கேமராவால் கணக்கைப் படித்துப் படிகளை இலவசமாகக் காட்டுகிறது. விரிவான விளக்கங்கள் மட்டும் கட்டணத்துக்கு உட்பட்டவை. சரிபார்க்க விடை மட்டுமே போதும் என்பதால், கட்டணம் கட்டவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. √(எக்ஸ் + 6) = எக்ஸ் என்ற சமன்பாட்டைத் தீர்க்கிறீர்கள். இருபுறமும் வர்க்கப்படுத்தி, எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 என்று மாற்றிக் காரணிப்படுத்தினால் 3, −2 என இரண்டு விடைகள் வரும். வுல்ஃப்ராம் ஆல்பாவில் மூலச் சமன்பாட்டை இட்டால் 3 மட்டுமே வருகிறது. இங்கே பலர் செய்வது, −2ஐ அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது. அப்படிப் போனால் சரிபார்த்ததால் எந்தப் பயனும் இல்லை. முதலில் −2ஐ மூலச் சமன்பாட்டில் பிரதியிடுங்கள்: இடப்பக்கம் √4, அதாவது 2, வலப்பக்கம் −2. பொருந்தவில்லை. பிறகு டெஸ்மாஸில் √(எக்ஸ் + 6), எக்ஸ் ஆகிய இரண்டையும் வரைந்தால் அவை எக்ஸ் = 3இல் மட்டும் வெட்டுவது தெரியும். மூன்றாவதாக −√(எக்ஸ் + 6) என்பதையும் வரையுங்கள். அது நேர்கோட்டைச் சரியாக −2இல் வெட்டும். வர்க்கப்படுத்தியபோது குறைக்குறி மறைந்துபோய், வேறொரு சமன்பாட்டின் விடையும் நம் தாளுக்குள் நுழைந்துவிட்டது என்பதை வரைபடம் காட்டிவிடுகிறது.

உங்கள் விடையும் கருவியின் விடையும் வேறுபட்டால் தவறு எப்போதும் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கேள்வியைக் கருவி வேறு விதமாகப் படித்திருக்கலாம். டெஸ்மாஸ் வரைபடக் கணிப்பான் தொடக்க அமைப்பில் கோணங்களை ரேடியனில் எடுத்துக்கொள்ளும். சைன் 30 என்று இட்டால் 0.5 வராது, −0.988 வரும். அமைப்புகளில் பாகைக்கு மாற்றினால் சரியாகிவிடும். லாக் 100 என்று டெஸ்மாஸில் இட்டால் 2 வரும், வுல்ஃப்ராம் ஆல்பாவில் இட்டால் 4.605 வரும், முன்னது அடிமானம் 10 கொண்ட மடக்கை, பின்னது இயல் மடக்கை. வகுத்தல் குறியுள்ள கோவைகளில் பகுதியைச் (வகுக்கும் கோவையைச்) சுற்றி அடைப்புக்குறி இடாவிட்டால் பகுதியில் எதுவரை சேர்ந்தது என்பதைக் கருவி தன் விருப்பப்படி முடிவு செய்யும். வுல்ஃப்ராம் ஆல்பா, உள்ளீட்டைத் தான் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை விடைக்கு மேலே காட்டும். விடைக்கு முன்பு அந்த வரியைப் படியுங்கள். ஃபோட்டோமேத்திலும் அப்படியே: கையெழுத்தில் 1ஐயும் 7ஐயும் அது மாற்றிப் படித்திருக்கக்கூடும், எனவே திரையில் தோன்றும் சமன்பாடு உங்கள் சமன்பாடுதானா என்று முதலில் ஒப்பிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை எங்கே வைப்பது?

உரையாடிகள் மொழியின் போக்கை வைத்து அடுத்த சொல்லைத் தேர்ந்து எழுதுபவை. நடை சரளமாக இருக்கும். நடுவில் ஒரு குறி மாறியிருந்தாலும் அதே சரளத்தோடு தவறான விடைக்கு அழைத்துச் செல்லும். ஆகவே விடைக்கு அவற்றை நம்பாமல், உங்கள் தாளைத் திருத்தும் வேலையை மட்டும் கொடுக்கலாம். நீங்கள் போட்ட எல்லா வரிகளையும் தட்டச்சு செய்து, இப்படிக் கேளுங்கள்: "இதில் முதல் தவறு எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். திருத்திய வரியையோ இறுதி விடையையோ எழுத வேண்டாம்." பதில் வந்ததும் அந்த வரியை நீங்களே சரிசெய்து, கிடைத்த விடையை மூலச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பாருங்கள். இதே தலைப்பில் சற்றுக் கடினமான ஐந்து கணக்குகளை விடையில்லாமல் உருவாக்கித் தரும்படி கேட்பதும் பயனுள்ளது. அவற்றின் விடைகளை உரையாடியிடம் கேட்காமல் வுல்ஃப்ராம் ஆல்பாவில் சரிபாருங்கள்.

படி 6: தவறுகளுக்கு ஒரு பட்டியல் வையுங்கள்

இணைய விரிதாள் ஒன்றோ, லிப்ரே ஆஃபிஸ் கால்க்கோ போதும். தேதி, தலைப்பு, கணக்கு, முதல் தவறு நேர்ந்த வரி, தவறின் வகை, மீண்டும் போட வேண்டிய நாள் என்று ஆறு நெடுவரிசைகள் அமையுங்கள். தவறின் வகையை நான்குக்குள் அடக்குவது நல்லது: கருத்து புரியாதது, குறி அல்லது கூட்டல் பிழை, கேள்வியைத் தவறாகப் படித்தது, முறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது. "கவனக்குறைவு" என்று ஒரு வகை வைக்காதீர்கள். எல்லாத் தவறும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு மாதம் கழித்து வகைவாரியாக வடிகட்டிப் பார்த்தால், பயிற்சி எதில் தேவை என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

நினைவில் நிற்க வேண்டியவற்றுக்கு, கேள்வியும் விடையும் எழுதிய அட்டைகளைக் காட்டும் ஆன்கி என்ற மென்பொருள் உதவும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் விலை உண்டு. நீங்கள் மறந்துவிடும் தறுவாயில் ஓர் அட்டையை மீண்டும் முன்வைப்பது அதன் வேலை. அதில் முழுக் கணக்குகளைத் திணிக்காதீர்கள். ஒரு சூத்திரம் எந்த நிபந்தனையில் செல்லும், ஒரு முறையைப் பயன்படுத்திய பின் எதைச் சோதிக்க வேண்டும் என்பன போன்ற சிறு கேள்விகளை இடுங்கள். "இருபுறமும் வர்க்கப்படுத்திய பிறகு கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?" என்பது நல்ல அட்டை.

இணைய இணைப்பு சீராக இல்லாதவர்களுக்கு

பெட் உருவகப்படுத்தல்களைத் தனிக் கோப்புகளாகத் தரவிறக்கி உலாவியில் திறக்கலாம். டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டுக்கும் செயலிகள் உண்டு. நிறுவிய பிறகு இணையம் இல்லாமலும் வரையும். கொலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருளைக் கணினியில் நிறுவி, இணைப்பு உள்ள இடத்தில் கான் அகாடமி காணொளிகளையும் பயிற்சிகளையும் ஒருமுறை இறக்கிக்கொண்டால், பிறகு ஒரு வகுப்பு முழுவதும் உள்வலையில் அதைப் பயன்படுத்த முடியும். ஜியோஜீப்ராவின் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு.

எதிலும் விடை கிடைக்காதபோது

இத்தனைக்கும் பிறகு தீராத கேள்விகளுக்கு மேத்தமேட்டிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. 2010 முதல் இயங்கும் அந்தத் தளத்தில் பள்ளி மாணவர் முதல் பேராசிரியர் வரை விடையளிக்கிறார்கள். கணக்கை மட்டும் ஒட்டிவிட்டுத் தீர்வு கேட்டால் அந்தக் கேள்வி மூடப்பட்டுவிடும். எனவே கேட்பதற்கு முன், கேள்வியை முழுமையாக எழுதி, அது எங்கிருந்து வந்தது என்பதைக் குறிப்பிட்டு, நீங்கள் எடுத்த முதல் அடியையும், அடுத்த வரியைத் தொடர விடாமல் உங்களைத் தடுத்தது எது என்பதையும் சேருங்கள். அதே கேள்வி முன்பே கேட்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் அவசியம். பள்ளி, கல்லூரி நிலைக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே ஏற்கெனவே விடை இருக்கும், சிலவற்றுக்கு ஐந்தாறு வெவ்வேறு வழிகளில்.